வேடந்தாங்கலுக்கு மூன்று சைக்கிள்கள்

சைக்கிளுக்கு மணி என்று ஒன்று உண்டு. இந்த உண்மையைச் சென்னைப் பட்டணவாசிகள் அநேகமாய் மறந்து போயிருப்பார்கள். அதில் ஆச்சரியமில்லை. அண்ணா சாலையில் மாலை ஆறு மணிக்கு ஒருவன் சைக்கிள் மணியை அடிப்பானாகில், பாண்டு வாத்தியத்துக்கும் நாகஸ்வரத்துக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டு மோர்சிங் வாசிப்பவன் கதிதான் அவனுக்கு. அவன் வாசிப்பது அவனுக்கே கேட்காது. அது போனால் போகட்டும். பின்னால் வருகிற பஸ்ஸுக்கும் கேட்பதில்லை என்பதுதான் விசாரத்துக்குரியது.

ஆகையால், மணி அடித்தால் காதில் விழக்கூடிய சாலை ஏதாவது பட்டணத்துக்குச் சமீபத்தில் மிச்சம் இருக்கிறதா என்று நாங்கள் தேடத் தொடங்கினோம்.

நாங்கள் என்றால் யார் என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. ஐம்பத்தைந்து பிராயத்தைக் கடந்த தம்பதிகள் இருவர். எங்கள் சகோதரியின் பெண், பதின்மூன்று வயதுக் குழந்தை ஒருத்தி. தம்பதிகளில் ஒருவருக்கு முழங்காலில் வலி உண்டு. அது யாருக்கு என்பதை இங்கே வெளியிடுவதற்கில்லை. குடும்பத்தில் சமாதானம் நிலவ வேண்டும்.

குழந்தைக்குப் பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். சைக்கிளில் போய்வர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. "ரஸ்தாவில் ஓட்ட நன்றாய்ப் பழகிக்கொள், அப்புறம் ரஸ்தாவில் விடுகிறேன்" என்று அவளுடைய தாயார் இரண்டு வருஷமாகச் சொல்லி வருகிறாள். நீச்சல் தெரிந்துகொண்ட பிறகுதான் தண்ணீரில் இறங்கலாம் என்கிற கட்சி இது. ஆயினும் அந்தத் தாயாரைப் பரிகசிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அவர்கள் தெருக்கோடியில் தண்ணீர் லாரி திரும்புகிற வேகத்தை நாங்களும் பார்த்திருக்கிறோம். கடைசியில் அவள் ஒரு நிபந்தனையின் பேரில் சம்மதித்தாள். நாங்கள் போகிற சாலையில் எத்தனை வண்டிகள் எதிர்ப்பட்டன என்பதைக் குழந்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வரவேண்டும். கணக்கைப் பார்த்த பிறகே மேற்கொண்டு பேச்சு.

இப்படியாக, தை மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, மதுராந்தகத்தில் எங்கள் பெரியம்மாவின் வீட்டில் போய் இறங்கினோம். பெரியம்மாவுக்கு எண்பது வயதாகிறது. அந்த வீட்டுக் கூடத்தில் மூன்று சைக்கிள்கள் உண்டு. இரண்டு பழைய காலத்து உருப்படிகள். மூன்றாவது, பெரியம்மாவின் பேத்திக்குப் பதினோராம் வகுப்பில் சர்க்கார் விலையில்லாமல் கொடுத்தது. அந்தப் பெண் இப்போது கல்லூரிக்குப் போய்விட்டபடியால் சைக்கிள் எங்கள் குழந்தைக்கு வாய்த்தது.

மதுராந்தகத்துக்கு வந்தவர்கள் ஏரியைப் பார்க்காமல் போகலாகாது. பார்த்தவர்கள் ஏரி காத்த ராமரின் கதையைக் கேளாமல் தப்ப முடியாது. கும்பினியார் காலத்தில், இந்தச் சீமையின் கலெக்டராக லயனல் பிளேஸ் என்ற துரை இருந்தார். மழைக்காலந்தோறும் ஏரிக்கரை உடைந்துகொண்டிருந்தது. ஊரார் துரையிடம் சென்று தாயார் சந்நிதியைக் கட்டிக் கொடுக்கும்படி வேண்டினார்கள். "உங்கள் ராமன் இந்த வருஷம் கரையைக் காப்பாற்றட்டும், பார்க்கலாம்" என்றாராம் துரை. பெருமழை கொட்டிய ஓர் இரவில், மின்னல் வெளிச்சத்தில், வில்லேந்திய வாலிபர் இருவர் கரைமேல் காவல் நிற்பதை அவர் கண்டதாகவும், கரை உடையவில்லை என்றும், சொன்ன சொல்லைக் காப்பாற்றிச் சந்நிதியைக் கட்டிக் கொடுத்தார் என்றும் ஸ்தல வரலாறு கூறுகிறது. துரையின் பெயரைச் சொல்லும் கல்வெட்டு இன்றும் கோயிலில் இருக்கிறது. நாங்கள் இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம், இதே துரையை வேடந்தாங்கலில் மறுபடியும் சந்திக்கப் போகிறோம் என்பதுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். வேடந்தாங்கலுக்குச் செல்கிறவர்கள் பெரும்பாலும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் படாளம் வரைக்கும் வந்து, அங்கே திரும்பி, சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் மோட்டாரில் போவார்கள். நாங்கள் அந்த வழியை விட்டு, கிராமங்களுக்குள் புகுந்து செல்லும் சிறு சாலைகளாலே போனோம். அந்தச் சாலைகளின் பெயர்களை எழுதுவதாய் இல்லை. எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே நாற்பது மோட்டார்கள் வந்து நிற்கும். ஆனால், போக விரும்புகிறவர்களுக்கு ஒரு சூத்திரம் சொல்கிறோம்: ஏரிக்கரையை விடாமல் பிடித்துக்கொண்டு போங்கள்.

செங்கல்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. இங்கே ஜீவநதி கிடையாது. பாலாறு பெரும்பாலும் மணலாறுதான். வடகிழக்குப் பருவமழை இரண்டு மாதம் பெய்வதை வருஷம் முழுவதற்கும் தேக்கி வைக்க நம் முன்னோர் கண்ட உபாயமே ஏரிகள். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாய்த் தண்ணீர் கீழ் ஏரிக்கு வரும். அது நிரம்பினால் அடுத்ததற்கு. ஏரி ஒன்றுக்கு ஊர் ஒன்று; ஊரையும் ஊரையும் இணைக்க ஏரிக்கரையை ஒட்டிச் சாலை. ஏரி வளைந்தால் சாலையும் வளையும். மதகு வந்தால் கொஞ்சம் மேடு ஏறி இறங்கும். இப்படிப்பட்ட சாலையில் லாரிக்காரனுக்கு லாபமில்லை. அவனுக்கு நேர்கோடு வேண்டும். சைக்கிளுக்கோ வளைவு வளைவாக இருப்பதுதான் சுகம். பூமி சமதளம், மூச்சு வாங்க மலை மேடு ஒன்றும் இல்லை. காலையில் வாடைக்காற்று எதிர்த்து வீசும்போது மட்டும் முழங்கால்காரருக்குக் கொஞ்சம் சிரமம்.

முதல் அரை மணி நேரம் குழந்தையின் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு பால்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அவள் உடனே சைக்கிளை நிறுத்தி, பென்சிலை எடுத்து, "இரு சக்கரம் 1" என்று எழுதினாள். அப்புறம் ஒரு டிராக்டர். அப்புறம் பதினைந்து எருமைகள். எருமைகளைக் கணக்கில் சேர்ப்பதா என்று ஒரு விவாதம் நடந்தது. வாகனம் என்ற முறையில் யமதர்மராஜனுக்கு மட்டுமே அவை செல்லுபடி ஆகும் என்று தீர்மானித்து விட்டுவிட்டோம்.

ஓரிடத்தில் சாலையின் பாதியை நெல் அடைத்துக் கொண்டிருந்தது. அறுவடைக் காலத்தில் தார்ச் சாலைதான் இப்போது களம். ஒரு பர்லாங்கு தூரத்துக்குப் பொன்னைக் கொட்டிப் பரப்பினாற்போல் நெல் கிடந்தது. ஓர் அம்மாள் காலாலேயே அதைத் துழாவிக் கோடு கோடாகக் கிளறிவிட்டுக் கொண்டிருந்தாள். மோட்டாரில் வருகிறவர்களுக்கு இது கோபத்தை உண்டாக்குகிறது. இரண்டு சக்கரமும் நெல்லின்மேல் படாமல் ஓரமாய்ப் போகத் தெரிந்த சைக்கிளுக்கு இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. குழந்தை மணி அடித்தாள். அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "போ கண்ணு, பாத்துப் போ" என்றாள். பட்டணத்தில் அவளுக்கு இப்படி வழிவிட்டவர் ஒருவரும் இல்லை. அன்றைக்குப் பூராவும் அவள் முகத்தில் அந்தச் சந்தோஷம் இருந்தது.

சிறப்பு வகுப்புக்குப் போகும் பெண்கள் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து, பேசிக்கொண்டே எதிரே சைக்கிளில் வந்தார்கள். பெண்கள் சைக்கிள் ஏறினால் ஊர் சிரித்த காலம் வெகு தூரத்தில் இல்லை. 1991, 1992-ஆம் வருஷங்களில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தினால், எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அதைப் பற்றிப் பத்திரிகைகளில் வாசித்திருக்கிறோம். ஆனால் இந்தப் பெண்கள் ஹாண்டில் பாரில் ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் அபிநயம் பிடித்துக் கதை சொல்லிக்கொண்டு போனதைப் பார்த்தபோதுதான், விஷயம் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று தெரிந்தது. எங்கள் குழந்தை அவர்களைக் கண் கொட்டாமல் பார்த்தாள். "மாமா, இவங்க அம்மாவெல்லாம் ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?" என்று கேட்டாள். சாலை இப்படி இருந்தால் சொல்லமாட்டார்கள் என்று பதில் சொன்னோம்.

சைக்கிளில் போகிறவனுக்குப் பறவைகள் விஷயத்தில் ஒரு பெரிய சலுகை உண்டு. நடந்து வருகிறவனை அவை சந்தேகிக்கின்றன. மோட்டாரின் ஹார்னுக்கு எழும்பிப் போகின்றன. சத்தமில்லாமல் ஒரே சீராய் உருண்டு போகிற சைக்கிளையோ அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஒன்று: பார்க்கலாம் என்று பிரேக்கைப் பிடித்து நின்றீர்களோ, போச்சு! உடனே பறந்துவிடும். ஆகையால் போகிற போக்கிலேயே பார்க்கப் பழக வேண்டும். அறுத்த வயல்களில் நத்தைகுத்தி நாரைகள் பத்துப் பன்னிரண்டு நின்றுகொண்டிருந்தன. இந்தப் பறவைக்கு அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடுக்குத் தெரியும். பல் விழுந்த தாத்தாவின் சிரிப்பைப் போல இருக்கும். சேற்றிலிருக்கும் நத்தையை எடுத்து, ஓட்டுக்குள்ளிருந்து சதையை லாகவமாய் உருவித் தின்னும். ஏரிக்குள் கூடு கட்டியிருக்கிற இந்த நாரைகள் இரைக்காக ஏரியை விட்டுச் சுற்றுப்புறத்து வயல்களுக்கெல்லாம் வருகின்றன. இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது முக்கியமாகப் போகிறது.

வேடந்தாங்கலை அடைந்தபோது மணி ஏழே கால். ஏரியைக் கண்ணால் காண்பதற்கு முன் காது கண்டுவிட்டது. பல்லாயிரம் பறவைகள் ஒரே காலத்தில் இரைகிற சத்தம், சந்தை கூடும் சத்தத்தைப் போல வந்தது. குழந்தை, "இவ்வளவு சத்தமாக இருக்கிற இடத்தையா அமைதியான இடம் என்று சொன்னீர்கள், அத்தை?" என்றாள். நியாயமான கேள்வி.

ஏரி பெரியதல்ல, சுமார் 30 ஹெக்டேர்தான். தண்ணீருக்குள் நீர்க்கடம்பும் கருவேலும் இடுப்பளவு முழுகி நிற்கின்றன. ஒவ்வொரு மரமும் ஒரு குடியிருப்பு. உச்சியில் நாரைகள், அதற்குக் கீழே வெள்ளை அரிவாள் மூக்கன்களும் கரண்டிவாயன்களும், அதற்கும் கீழே நீர்க்காகங்களும் வக்காக்களும். பாம்புத்தாரா ஒன்று பட்ட மரத்தில் உட்கார்ந்து, ஈர வேஷ்டியை உலர்த்துகிறவரைப் போல் இரண்டு சிறகையும் விரித்து வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தது. கூழைக்கடாக்கள் வந்து இறங்குவதைப் பார்க்க வேண்டும்! அவ்வளவு கனத்த சரீரம், தண்ணீரைத் தொடும்போது ஒரு பஞ்சுப் பொதியாகிவிடுகிறது.

வேடந்தாங்கல் என்றால் வேடனுடைய தாங்கல். தாங்கல் என்பது சிறு ஏரி. வேடன் பெயரைக் கொண்ட ஊர் வேட்டைக்கு இடம் கொடாத ஊராக ஆனது வேடிக்கைதான். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், கும்பினியாரின் வெள்ளைச் சிப்பாய்கள் பொழுது போகாமல் இங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். கிராமத்தார் சும்மா இருக்கவில்லை. கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். கலெக்டர் யார்? நம்முடைய லயனல் பிளேஸ் துரைதான். அவர் 1798-ல், பறவைகளை யாரும் துன்புறுத்தலாகாது என்று கிராமத்தாருக்கு ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். கவுல் என்பது சர்க்கார் கொடுக்கும் உறுதிச் சீட்டு. 1858-ல் அது மறுபடியும் புதுப்பிக்கப்பட்டது. பறவைகளைக் காப்பாற்றும் சட்டங்கள் நம் தேசத்தில் ஏற்படுவதற்கு எத்தனையோ காலம் முன்னால், ஒரு கிராமத்து ஜனங்கள் ஆளுகிறவர்களிடமே போய் நின்று, துப்பாக்கிக்கு எதிராக எழுத்து வாங்கி வந்தார்கள். துரையைப் புகழ்வதில் எங்களுக்கு ஆட்சேபமில்லை. ஆனால் கேட்டு வாங்கியவர்கள் புகழையும் அவருக்கே சேர்த்துக் கொடுத்துவிட வேண்டியதில்லை.

கிராமத்தார் இதைச் செய்தது ஜீவகாருண்யத்தினால் மட்டுமா? அப்படிச் சொன்னால் அவர்களே சிரிப்பார்கள். பறவைகளின் எச்சம் விழுந்து விழுந்து ஏரித் தண்ணீர் உரமேறியிருக்கிறது. மதகைத் திறந்தால் தண்ணீரோடு எருவும் வயலுக்குப் பாய்கிறது. எருவுக்குப் பணம் கொடுக்க வேண்டாம், வண்டி கட்ட வேண்டாம். பறவைக்கு இடம், உழவனுக்கு உரம். இந்தப் பேரம் இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேலாய் நடந்து வருகிறது. இதற்காகக் கிராமத்தார் கொடுக்கும் விலை, சத்தத்தை அடக்கிக்கொள்வது. இந்தப் பக்கத்தில் தீபாவளிக்கு வேட்டு வெடிப்பதில்லை. சிவகங்கை ஜில்லாவில், வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டியிலும் இந்த வழக்கம் உண்டு. குழந்தைகள் இருக்கிற வீட்டில் தீபாவளிக்குப் பட்டாசு இல்லை என்று சொல்லிப் பாருங்கள், அது எவ்வளவு பெரிய தியாகம் என்று தெரியும்.

நாங்கள் வந்த சாலையின் அமைதியும் இந்தக் கணக்கைச் சேர்ந்ததுதான். 1998-ஆம் வருஷத்தில், ஏரியை மட்டுமல்லாமல், அதைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரைக்கும் சரணாலயம் என்று சர்க்கார் அறிவித்தது. வெள்ளப்புத்தூர் முதலிய கிராமங்களும், அவற்றின் வயல்களும், சிற்றேரிகளும், நாங்கள் சைக்கிள் ஓட்டி வந்த வளைவுகளும் அதற்குள் அடக்கம். 2020-ல், இந்த ஐந்தை மூன்றாகக் குறைக்கலாம் என்று ஒரு யோசனை புறப்பட்டது. ஐந்தில் இரண்டு போனால் என்ன, பாதிக்கு மேல் மிஞ்சுகிறதே என்று தோன்றும். நாங்களும் குழந்தையிடம் அப்படித்தான் சொன்னோம். அவள் நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கணக்குப் போட்டாள். வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இது எட்டாம் வகுப்புப் பாடமாம். ஐந்து கிலோமீட்டர் வட்டத்துக்குப் பரப்பு சுமார் 78 சதுர கிலோமீட்டர். மூன்று கிலோமீட்டர் வட்டத்துக்குச் சுமார் 28. "மாமா, போறது அம்பது! மூணுல ரெண்டு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைச்சல்!" என்று கூவினாள். நத்தைகுத்தி நாரை எந்த வயலுக்கு இரை தேடப் போயிற்று என்று வாசகர்களுக்கு ஞாபகமிருக்கும். அந்த வயல்கள் இந்த ஐம்பதுக்குள்ளேதான் பெரும்பாலும் கிடக்கின்றன. பலத்த ஆட்சேபங்கள் கிளம்பின. பிறகு யோசனை கைவிடப்பட்டது. 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்திலுள்ள கரிக்கிலியும் ராம்சர் உடன்படிக்கைப்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் வரிசையில் சேர்ந்தன. நல்ல காரியந்தான். ஆனால் ஒரு தடவை புறப்பட்ட யோசனை மறு தடவையும் புறப்படக்கூடும் என்பதற்கு ஜோசியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஒன்பது மணிக்குள் மோட்டார்கள் வந்து குவியத் தொடங்கின. நாங்கள் கிளம்பிவிட்டோம். திரும்புகையில், அகலமான வேறொரு சாலையில் கொஞ்ச தூரம் போக நேர்ந்தது. அங்கேதான் நோட்டுப் புத்தகத்துக்கு வேலை வந்தது. ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. பத்து நிமிஷத்தில் பதினேழு. ஒவ்வொன்றும் போகும்போது காற்று எங்களை ஒரு முறை உள்ளே இழுத்து, ஒரு முறை வெளியே தள்ளிற்று. குழந்தை ஓரத்து மண்ணில் இறங்கிவிட்டாள். ஆனால் விழவில்லை, அழவும் இல்லை. இரண்டு கையாலும் ஹாண்டில் பாரை இறுகப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, மெள்ள மிதித்தாள். அந்த ஐந்து நிமிஷத்தில் எங்கள் இருவருக்கும் உயிர் எங்கே இருந்தது என்று கேட்டால் சொல்ல முடியாது.

மண்ணில் இறங்கியதன் பலன், சீமைக்கருவேல முள். சாலையோரமெல்லாம் படர்ந்திருக்கும் இந்த முள் ரப்பரை வெண்ணெய்போலத் துளைக்கும். முன் சக்கரம் சப்பென்று உட்கார்ந்துவிட்டது. தள்ளிக்கொண்டு போய், அடுத்த ஊரில் புளியமரத்தடியில் இருந்த ஒரு கடையைக் கண்டோம். கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். டியூப்பை உருவி, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைப் பிடித்து, உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவி, அது உலரட்டும் என்று வைத்துவிட்டு எங்களோடு பேச ஆரம்பித்தார். சைக்கிள் பஞ்சர் வந்து நாளாயிற்றாம். இப்போதெல்லாம் மோட்டார் சைக்கிள்தானாம்.

உள்ளே இருக்கிற சிறு சாலைகள் எவ்வளவு அழகு, அவற்றை அகலப்படுத்தாமல் இருக்க வேண்டுமே என்று நாங்கள் சொன்னோம். அவர் டியூப்பை விரலால் தொட்டுப் பார்த்தபடியே, "ஐயா, நீங்க காத்து வாங்க வர்றீங்க. என் மருமகளுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு வலி எடுத்துச்சு. அந்தச் சாலையில எதிருல டிராக்டர் வந்து நின்னுக்கிச்சு. ஆம்புலன்சு முக்கால் மணி நேரம் நின்னுச்சுங்க" என்றார். தாயும் சேயும் பிழைத்தார்கள் என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. "அப்படியானால் சாலை அகலமாக வேண்டும் என்கிறீர்களா?" என்று கேட்டோம். அவர் வெகு நேரம் யோசித்தார். "அகலம் பண்ணினா ஆம்புலன்சு மட்டுமா வரும்?" என்று சொல்லி, டிப்பர் லாரிகள் போன பக்கம் முகவாயைக் காட்டினார்.

இந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் வைத்திருக்கவில்லை. பட்டணத்திலிருந்து வந்தவர்களின் மன அமைதிக்காக ஒரு கிராமத்தின் மருமகள் ராத்திரி இரண்டு மணிக்குக் காத்திருக்க வேண்டும் என்று சொல்ல எங்களுக்கு உரிமை கிடையாது. அதே சமயத்தில், ஆம்புலன்ஸின் பெயரைச் சொல்லி ஜல்லி லாரிக்குப் பாதை போடுவதும் நாம் காணாத காரியமல்ல. டிராக்டரும் ஆம்புலன்ஸும் ஒதுங்கிப் போக இடம் வேண்டுமானால், நூறு கஜத்துக்கு ஒரு தரம் ஓரத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் போதாதா? கனத்த லாரிகளை இந்த வட்டத்துக்குள் விடாமல் வெளிச் சாலையோடு திருப்பிவிட முடியாதா? 1798-ல் துப்பாக்கிக்கு எதிராக ஒரு கவுல் வாங்க முடிந்த இடத்தில், டிப்பர் லாரிக்கு எதிராக ஒன்று வாங்குவது அசாத்தியமாகத் தோன்றவில்லை. கேட்க வேண்டியவர்கள் அந்த ஊரார். அவர்கள் கேட்டால் கூட நின்று கையெழுத்துப் போட நாங்கள் மூன்று பேர் தயார். மூன்றாமவளுக்குக் கையெழுத்து இன்னும் நிலைப்படவில்லை, அதனால் என்ன?

பஞ்சருக்கு முப்பது ரூபாய் கேட்டார். மேலே கொடுத்ததை வாங்கிக்கொள்ளவில்லை.

நோட்டுப் புத்தகம் தாயாரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் பக்கத்தில், சிறு சாலைகளில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு, பஸ் ஒன்று, டிராக்டர் மூன்று, லாரி இரண்டு, இரு சக்கர வண்டிகள் இருபத்தாறு. இரண்டாம் பக்கத்தில் டிப்பர் பதினேழு. பதினேழையும் குழந்தை மறைக்காமல் எழுதியிருந்தாள். அது எங்களுக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் வயிற்றைக் கலக்கவும் செய்தது. தாயார் இரண்டாம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் இன்னும் அனுமதியாகவில்லை. மாதம் ஒரு முறை மதுராந்தகம் போய்வரலாம் என்று மட்டும் உத்தரவு பிறந்திருக்கிறது.

ஆகவே மாசி மாதத்தில் இரண்டாந்தரம் போனோம். இந்தத் தடவை கரிக்கிலிக்கு. வேடந்தாங்கலிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. 1989-ல் சரணாலயமாயிற்று, பரப்பில் வேடந்தாங்கலைப்போல் இரண்டு மடங்கு, பிரசித்தியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மரங்களில் கூடு கட்டும் கூட்டம் இங்கே குறைவு. ஆழமில்லாத நீரில் வாத்துக்கள் கூட்டம் கூட்டமாய் மிதக்கும். ஊசிவால் வாத்து வெகு தூரத்து வட தேசங்களிலிருந்து குளிருக்குத் தப்பி வருகிறது. கரையோடு சைக்கிளில் போய்க்கொண்டே பார்க்க இதைவிட நல்ல ஏரி கிடையாது. நாங்கள் போன அன்றைக்கு எங்களைத் தவிர அங்கே ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் மட்டுமே இருந்தான்.

போக விரும்புகிறவர்கள் கார்த்திகை முதல் மாசி வரைக்கும் போகலாம். மழை பொய்த்த வருஷமானால் முன்கூட்டி விசாரித்துக்கொள்ள வேண்டும், தண்ணீர் இல்லாத ஏரிக்குப் பறவை வராது. காணும் பொங்கலன்று போகவே வேண்டாம். குடிக்கத் தண்ணீரும், மாற்று டியூப் ஒன்றும், காற்றடிக்கும் பம்பும் கூட வரட்டும். சாயங்காலம் வரைக்கும் இருக்க முடிந்தால், வயல்களுக்குப் போன நாரைகள் வரிசை வரிசையாய் வந்து அடைகிற நேரத்தில், வக்காக்கள் மட்டும் எதிர்த் திசையில் இரைக்குப் புறப்படுவதைப் பார்க்கலாம். ஆனால் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு நல்ல விளக்கு அவசியம். நெல் உலர்த்துகிறவர்கள் பொழுது சாய்ந்ததும் குவியலைப் படுதாவால் மூடி, காற்றில் பறக்காதபடி நான்கு மூலையிலும் கருங்கல்லைத் தூக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இருட்டில் படுதா தெரியும், கல் தெரியாது.